இந்த "ரெண்டே கமாண்ட்" வழிகாட்டிகளை எழுதுறதை நிறுத்துங்க

"கிட் குளோன் பண்ணு, ஸ்டோ ஓட்டு, புது மெஷின் ரெடி." இன்னைக்கும் ஒரு டாட்ஃபைல்ஸ் வழிகாட்டி இதையே சொல்லுது. டாட்ஃபைல்ஸ்னா ஹோம் டைரக்டரியில டாட்ல ஆரம்பிக்கிற செட்டிங்ஸ் ஃபைல்கள். அதை கிட் ரெப்போல வெச்சுக்கிட்டா, ஸ்டோங்கிற கருவி ஹோம்ல இருந்து அதுக்கு சிம்லிங்க் (நிஜ ஃபைலைச் சுட்டுற குறுக்குவழி) போட்டுக் கொடுக்கும். படிக்கப் படிக்க வயிறு எரியுது.

புது உபுண்டுல ஸ்டோ ஓட்டினா முதல் இடி பாஷ் ஷெல்லோட செட்டிங்ஸ் ஃபைலான பாஷ்ஆர்சில. யூசரை உருவாக்கும்போதே டாட் பாஷ்ஆர்சி, டாட் புரொஃபைல், டாட் பாஷ்-லாகவுட் மூணும் ஸ்கெல்ங்கிற மாதிரி ஃபைல்கள் இருக்கிற டைரக்டரியில இருந்து ஹோமுக்கு வந்துடும். அங்க நிஜ ஃபைல் இருக்குன்னு ஸ்டோ சிம்லிங்க் போட மறுத்து, மொத்தமா நின்னுடும். அது சரிதான். ஆனா "ஸ்டோவோட அடாப்ட் ஆப்ஷனைப் போடுங்க, சரியாயிடும்"னு பதில் சொல்றாங்களே, அங்கதான் பத்திக்கிட்டு வருது! அடாப்ட் உபுண்டுவோட ஃபைலைத் தூக்கி, ரெப்போல உங்க ஃபைல் மேலயே வைக்கும். வருஷக்கணக்கா சேர்த்த அலியாஸ் (சுருக்கக் கமாண்ட்) எல்லாம் போச்சு. கமிட் பண்ணியிருந்தா கிட் ரீஸ்டோர்ல மீட்கலாம், இல்லைன்னா அவ்வளவுதான். அந்த மூணையும் முன்னாடியே பேர் மாத்தி வைங்கன்னு ஒரு வரி எழுத என்ன கேடு?

அதைவிடப் பெரிய கொள்ளி, புரோகிராம்கள் செட்டிங்ஸ் வைக்கிற டாட் கான்ஃபிக் டைரக்டரி. அந்த டைரக்டரியே இல்லாத புது சர்வர்ல நியோவிம் எடிட்டரோட பேக்கேஜை (ரெப்போல அதோட செட்டிங்ஸ் இருக்கிற டைரக்டரியை) மட்டும் ஸ்டோ பண்ணிப் பாருங்க. நியோவிமுக்கு மட்டும் லிங்க் வராது. டாட் கான்ஃபிக் முழுசுமே ரெப்போல இருக்கிற நியோவிம் பேக்கேஜுக்குள்ள போற ஒரே லிங்க்கா ஆயிடும். ட்ரீ ஃபோல்டிங்னு பேரு, டீஃபால்ட்டே இதுதான். அதுக்கப்புறம் எந்த புரோகிராம் டாட் கான்ஃபிக்ல எழுதினாலும் உங்க ரெப்போலதான் விழும். ஹெச்டாப் செட்டிங்ஸ் விழுந்தா தொலையட்டும். கிட்ஹப்போட ஜிஹெச் கமாண்ட், கீரிங் (ரகசியங்களைப் பூட்டி வைக்கிற இடம்) இல்லாத சர்வர்ல உங்க லாகின் டோக்கனை வெறும் டெக்ஸ்ட்டா எழுதும். அதுவும் அங்கதான் விழும்! ஒரு கிட் ஆட் டாட், ஒரு புஷ், ரெப்போ பப்ளிக்னா டோக்கன் ஊருக்கே போயிடலாம். பின்னாடி டாட் கான்ஃபிக் இருக்கிற இன்னொரு பேக்கேஜை ஸ்டோ பண்ணும்போது அந்த லிங்க்கைப் பிரிச்சு நிஜ டைரக்டரி போடும், ஆனா விழுந்த குப்பை நியோவிம் பேக்கேஜ்லயேதான் கிடக்கும்.

தடுக்க என்ன வேணும்? முதல்ல மேக்டிர் போட்டு டாட் கான்ஃபிக்கை உருவாக்கணும், இல்லை ஸ்டோவுக்கு நோ-ஃபோல்டிங் ஆப்ஷன் கொடுக்கணும். நிஜமா ஓட்டுறதுக்கு முன்னாடி மைனஸ் என், மைனஸ் வி போட்டு என்ன செய்யப்போகுதுன்னு பார்க்கணும். இவ்வளவுதான்! இதைக்கூட எழுத மாட்டாங்க.

லிங்க் போட்ட ஃபைல்ல, டெக்ஸ்ட்டை மாத்துற செட் (எஸ்-இ-டி) கமாண்டை மைனஸ் ஐ போட்டு ஓட்டினா லிங்க்கே போய், அந்த இடத்துல தனி ஃபைல் வந்துடும். ரெப்போல ஒண்ணும் மாறாது. ஃபாலோ-சிம்லிங்க்ஸ் கொடுக்கணும்னு யாராவது சொல்றாங்களா?

இதுல தமிழ்99 கீபோர்டு வேற. கினோம் டெஸ்க்டாப் கீபோர்டு பட்டியலை டிகான்ஃப்ங்கிற தன்னோட செட்டிங்ஸ் பைனரி ஃபைல்ல வைக்குது. கிட்ல போட்டா டிஃப்ல ஒரு எழுத்து தெரியாது. டிகான்ஃப் டம்ப்ல டெக்ஸ்ட்டா எடுத்து, புது மெஷின்ல தமிழ்99 தர்ற ஐபஸ்-எம்17என் பேக்கேஜை நிறுவிட்டு லோட் பண்ணணும். தமிழ்ல எழுதுற வழிகாட்டிலகூட இதைக் காணோமே, நாங்க எதுல தட்டுறது?