ரொட்டிக்காகக் கட்டிக்கொண்டாளாம்

சனிக்கிழமைக் கூட்டத்தின் காணொளியை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். பேச்சாளரின் பெயரை எழுதப்போவதில்லை. வேண்டிய அளவு புகழ் கிடைத்துவிட்டது. நாஜிகளிடமிருந்து தப்பிப் பிழைத்த யூதப் பெண் கெர்டா வைஸ்மன், அவளை மீட்டுப் பிறகு மணந்த அமெரிக்க ராணுவ அதிகாரி கர்ட் கிளைன், இவர்களுடைய கதையைச் சொல்லி முடித்துவிட்டு, "பசித்தவளுக்கு ரொட்டி கொடுத்தவனிடம் வருவதற்குப் பெயர் காதலா?" என்றார். அரங்கமே சிரித்தது.

1945 மே 7. செக்கோஸ்லோவாக்கியாவில் வோலாரி என்ற ஊர். நாஜிகள் மாதக்கணக்கில் நடக்கவைத்தே கொன்ற பெண்களில் மிஞ்சியவள் கெர்டா. மறுநாள் அவளுக்கு 21 வயது. எடை 31 கிலோ, தலை நரைத்திருந்தது. ஜீப்பில் வந்த கர்ட்டிடம், தாங்கள் யூதர்கள் என்று எச்சரிப்பதுபோலச் சொன்னாள். "நானும்தான்" என்றான் அவன். உள்ளே போகும்போது அவளுக்காகக் கதவைத் திறந்து பிடித்தான். சாகக் கிடந்த தோழிகளைக் கைகாட்டி, மனிதன் மேன்மையும் இரக்கமும் உள்ளவனாக இருக்க வேண்டும் என்ற ஜெர்மன் கவிஞர் கதேயின் வரியை அவள் சொன்னாள். அந்த இடத்தில், அந்த உடம்போடு! இவளுக்கா ஆளை எடைபோடத் தெரியாது?

அந்தக் கர்ட்டும் அகதிதான் ஐயா. ஜெர்மனியில் பிறந்து, பதினேழு வயதில் அமெரிக்காவுக்குத் தப்பியவன். பெற்றோரைக் கூட்டிக்கொள்ளப் படாத பாடு பட்டும் முடியவில்லை. அவர்கள் ஆஷ்விட்ஸ் என்ற நாஜி வதைமுகாமில் முடிந்துபோனார்கள். இது பேச்சில் வரவில்லை. வந்திருந்தால் அந்தச் சிரிப்பு வந்திருக்காது.

"அப்படியானால் சிப்பாய்கள் எல்லோரும் உத்தமர்களா?" என்று கேட்பீர்கள். இல்லை. அதே 1945-இல் பெர்லினில் சோவியத் சிப்பாய்கள் பெண்களை வன்புணர்ந்தது எனக்கும் தெரியும். அது குற்றம், அதைக் குற்றம் என்றே சொல்லுங்கள். அதற்காக இவளுடைய மனதையும் அதே கணக்கில் எழுதுவீர்களா?

"நன்றியைக் காதல் என்று நினைத்திருக்கலாமே" என்று இன்னொருவர் பின்னூட்டத்தில் எழுதியிருக்கிறார். நினைத்திருக்கலாம். அவன் அமெரிக்கா திரும்பிய பிறகும், ஐரோப்பாவிலேயே பயணக் காகிதங்களுக்காக அலைந்துகொண்டு மாதக்கணக்கில் கடிதம் எழுதினாளே, அதுவுமா ரொட்டிக்கு? 1946 ஜூனில் பாரிஸில் திருமணம். 2002-இல் கர்ட் இறக்கும்வரை சேர்ந்தே வாழ்ந்தார்கள். அவள் தேர்ந்தெடுத்தாள். அவ்வளவுதான் நான் சொல்வது: அவள் தேர்ந்தெடுத்தாள்.

என் அத்தை இளம் வயதில் கணவரை இழந்தவர். நோயில் கிடந்தபோது மருந்து கொண்டுவந்து கொடுத்த கம்பவுண்டரைப் பிறகு மணந்துகொண்டார். "மாத்திரைக்கு மயங்கிவிட்டாள்" என்று ஊரே பேசியது. எங்கள் வீட்டிலும் பேசினார்கள். அந்தக் கம்பவுண்டர் மாமா தன் சைக்கிளை விற்று அத்தைக்குத் தையல் இயந்திரம் வாங்கிக் கொடுத்ததைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. கொடுத்த கையைத்தான் பார்ப்பார்கள். வாங்கியவளுக்கு ஒரு மூளை இருக்கும் என்பது மட்டும் இவர்கள் புத்தியில் ஏறவே ஏறாது.

கைதட்டியவர்களில் என் நண்பர்கள் மூன்று பேர் முன்வரிசையில் இருந்தீர்கள். பெண்ணியம் பற்றி நேற்றுகூட நீளமாக எழுதியவர் உட்பட. "அக்கா, உணர்ச்சிவசப்படாதீர்கள்" என்று எழுத வருகிறவர்கள் சிரமப்பட வேண்டாம். உணர்ச்சிவசப்பட்டுத்தான் எழுதியிருக்கிறேன்.