பஸ்ஸில் போகிறவருக்கு ஃபாஸ்டேக் கிடையாது

சுங்கச்சாவடிக் கழிப்பறை அசுத்தமாக இருந்தால் படம் எடுத்து அனுப்புங்கள், வண்டிக்குச் சுங்கக் கட்டணம் கழிக்கப்படும் உங்கள் ஃபாஸ்டேக் கணக்கில் 1,000 ரூபாய் ஏற்றித் தருகிறோம் என்று 2025 அக்டோபரில் தேசிய நெடுஞ்சாலை ஆணையம் அறிவித்தது. இடமும் நேரமும் பதிவான படத்தை ‘ராஜ்மார்க்யாத்ரா’ செயலியில் வண்டி எண்ணோடு ஏற்ற வேண்டும். அந்த மாதம் 31ஆம் தேதி வரை அவகாசம் என்றார்கள். பலர் பாராட்டினார்கள். நோக்கத்தில் எனக்கும் குறை சொல்ல எதுவுமில்லை. ஆனால் செய்தியைப் படித்ததும் மனதில் வந்த முதல் கேள்வி, பஸ்ஸில் போகிறவர் என்ன செய்வார் என்பதுதான். அவருக்கு ஃபாஸ்டேக் கிடையாது. அவர் ஏறிய பஸ் சுங்கச்சாவடிக் கழிப்பறைக்காக நிற்கப்போவதும் கிடையாது.

கார் வைத்திருப்பவர் இந்தக் கழிப்பறை சரியில்லை என்றால் அடுத்த ஊர் வரை போவார், நல்ல ஓட்டலாகப் பார்த்து நிறுத்துவார், ஒரு காப்பி குடித்துவிட்டுக் கழிப்பறைக்கும் போய் வருவார். நடத்துநரிடம் வண்டியை நிறுத்தச் சொல்லக் கூச்சப்பட்டு, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அடுத்த ஊர் எப்போது வரும் என்று பார்த்துக்கொண்டிருக்கும் பெண்ணுக்கு இதில் ஒன்றுகூட இல்லை. சர்க்கரை நோய் உள்ள பெரியவருக்கும், கர்ப்பிணிக்கும், ப்ராஸ்டேட் தொல்லையுள்ள தாத்தாவுக்கும் இதே கதிதான். ஒரு நாட்டின் கழிப்பறை வசதியை இவர்கள் உட்கார்ந்திருக்கும் இருக்கையிலிருந்துதான் அளக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. நாமோ கட்டடங்களை எண்ணி அளந்துகொண்டிருக்கிறோம்.

எண்ணிக்கையில் சாதித்திருக்கிறோம், அதை மறுக்க மாட்டேன். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வீட்டு வளாகத்துக்குள் கழிப்பறை இருந்த குடும்பங்கள் 46.9 சதவீதம்தான். 2014 அக்டோபர் 2 அன்று தூய்மை இந்தியா இயக்கம் தொடங்கியது. ஐந்தே ஆண்டுகளில் கிராமங்களில் மட்டும் 10 கோடிக்கும் மேற்பட்ட வீட்டுக் கழிப்பறைகள் கட்டப்பட்டதாகக் கணக்குச் சொல்லி, 2019 அக்டோபர் 2 அன்று ஊரக இந்தியாவில் திறந்தவெளியில் மலம் கழிக்கும் வழக்கம் ஒழிந்துவிட்டது என்று அறிவித்தார்கள். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வோ, 19 சதவீதக் குடும்பங்கள் எந்தக் கழிப்பறையையும் பயன்படுத்துவதில்லை என்றது. ஆனாலும் அதற்கு முந்தைய ஆய்வில் 39 சதவீதமாக இருந்தது பாதியாகக் குறைந்திருக்கிறது. பெரிய மாற்றம்தான்.

ஆனால் இவ்வளவும் வீட்டுக் கணக்கு. காலை ஏழு மணிக்கு வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பி இரவு எட்டு மணிக்குத் திரும்புகிறவர், அந்தப் பதின்மூன்று மணி நேரம் எங்கே போவார் என்பதற்கு இந்தக் கணக்கில் விடை இல்லை.

தமிழ்நாட்டையே எடுத்துக்கொள்வோம். 2021 மே மாதம் முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. இந்தத் திட்டத்தை நான் மனதார ஆதரிக்கிறேன். பூக்காரி, கட்டட வேலைக்குப் போகும் சித்தாள், துணிக்கடை விற்பனைப் பெண், மருத்துவமனைக்குப் போகும் பாட்டி என்று எத்தனையோ பேரை அது வெளியே கொண்டுவந்திருக்கிறது. டிக்கெட் இல்லாமல் வந்து இறங்கும் அதே பெண்ணிடம்தான் பேருந்து நிலையக் கழிப்பறை வாசலில் ஐந்து ரூபாய், பத்து ரூபாய் என்று கேட்கிறார்கள். ஒருநாள் சந்தைக்கு வந்து போவதற்குள் இரண்டு முறை போக வேண்டியிருந்தால், மிச்சம் பிடித்த பஸ் கட்டணம் அங்கேயே போய்விடும்.

காசு கொடுத்தாலாவது உருப்படியாக இருக்கிறதா? தென்மாவட்டப் பேருந்து நிலையம் ஒன்றில் நான் அடிக்கடி பார்ப்பதைச் சொல்கிறேன். வாசலில் ஒரு மேசை, அதன்மேல் சில்லறை போடும் பிளாஸ்டிக் டப்பா. சுவரில் எழுதியிருந்த கட்டண விவரத்தில் எண் இருந்த இடம் மட்டும் சுரண்டப்பட்டிருக்கிறது. உள்ளே கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. கொண்டி இருந்த ஓட்டையில் யாரோ ஒரு புண்ணியவதி துணிக் கயிறு ஒன்றைக் கோத்துக் கட்டியிருக்கிறார். ஒரு கையால் அதை இழுத்துப் பிடித்துக்கொள்ள வேண்டும். கைப்பையை மாட்ட ஒரு ஆணிகூடக் கிடையாது. தரை ஈரம், கீழே வைக்க முடியாது. பையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, துப்பட்டாவைப் பல்லில் கடித்துக்கொண்டு, ஒரு கையில் கயிறும் மறு கையில் உடைந்த மக்குமாக ஒரு பெண் சமாளிக்க வேண்டும். நாப்கின் போடத் தொட்டி இல்லாததால் காற்றுக்காக விட்ட ஜன்னல் சட்டங்களின் இடுக்கில் காகிதப் பொட்டலங்கள் செருகப்பட்டிருக்கின்றன. மாலை இருட்டிவிட்டால் விளக்கு எரியும் அறை எது என்று பார்த்துப் போக வேண்டும். அரசின் கணக்கில் இதுவும் ஒரு கழிப்பறைதான், கட்டி முடிக்கப்பட்டுப் பயன்பாட்டில் இருப்பது.

இதற்குப் பணியாளர்களைத் திட்டி ஒரு பயனும் இல்லை. கோளாறு குத்தகை முறையில் இருக்கிறது. பல உள்ளாட்சிகள் கட்டணக் கழிப்பறையை ஆண்டுதோறும் ஏலம் விடுகின்றன. அதிகத் தொகை கேட்பவருக்குக் கிடைக்கிறது. எடுத்தவர் அந்தத் தொகையைப் பன்னிரண்டு மாதத்துக்குள் மீட்டாக வேண்டும். கட்டணத்தைக் கூட்டுவார், இல்லையென்றால் பினாயிலையும் ஆளையும் தண்ணீரையும் குறைப்பார். பெரும்பாலும் இரண்டையும் செய்வார். கழிப்பறையை வருமானம் தரும் இனமாக நகராட்சி தன் பேரேட்டில் எழுதிய அன்றே இது முடிவாகிவிடுகிறது. தெருவிளக்கை யாரும் ஏலம் விடுவதில்லையே.

சென்னை மாநகராட்சி மெரினாவிலும் சில மண்டலங்களிலும் வேறொரு வழியை எடுத்தது. தனியார் நிறுவனம் கட்டிப் பராமரிக்க வேண்டும், பயன்படுத்துபவர் காசு கொடுக்க வேண்டியதில்லை, பராமரிப்பு எப்படி இருக்கிறது என்று பார்த்து மாநகராட்சி தவணையாகப் பணம் தரும். செலவு அதிகம் என்று அதன்மேல் விமர்சனம் வந்தது; அந்த விமர்சனத்தைத் தட்டிக்கழிக்கக் கூடாது. இருந்தாலும் பணம் யாரிடமிருந்து யாருக்குப் போக வேண்டும் என்பதில் அந்தத் திசை சரி.

பெண்களிடம் மட்டும் காசு வாங்குவதை எதிர்த்து மும்பையில் 2011இல் ஒரு இயக்கமே கிளம்பியது. சிறுநீர் கழிக்கும் உரிமை என்று கூச்சமில்லாமல் பெயர் வைத்துக்கொண்டார்கள். ஆண்களுக்குச் சிறுநீர்க் கழிப்பிடம் இலவசம், பெண்கள் மட்டும் பணம் கட்ட வேண்டும் என்பது அங்கே வழக்கமாக இருந்தது. பெண்கள் இடம் இடமாகப் போய்க் கணக்கெடுத்து, கையெழுத்து வாங்கி, மாநகராட்சியின் கதவைத் தட்டினார்கள். 2015 டிசம்பரில் மும்பை உயர் நீதிமன்றம், பெண்களுக்குத் தெருக்களில் கழிப்பறை அமைப்பது மாநகராட்சிகளின் கடமை என்று மகாராஷ்டிரத்து மாநகராட்சிகளுக்கு உத்தரவிட்டது.

கோழிக்கோடு மிட்டாய்த் தெருவின் கதை நமக்கு இன்னும் பக்கம். அங்குள்ள கடைகளில் வேலை பார்த்த பெண்களுக்குப் போக இடம் இல்லை. கேட்டால், தண்ணீரைக் குறைத்துக் குடிக்கச் சொன்னார்கள். விஜி பள்ளித்தொடி என்ற தையல் தொழிலாளி அந்தப் பெண்களைத் திரட்டினார். கழிப்பறையில் தொடங்கிய போராட்டம் உட்காரும் உரிமை வரை வளர்ந்தது. 2018இல் கேரளமும் 2021இல் தமிழ்நாடும் கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று சட்டத்தைத் திருத்தின. இருக்கைச் சட்டம் எல்லோருக்கும் தெரிகிறது, அதற்கு விதை போட்ட கழிப்பறைக் கோரிக்கை மறந்துபோனது. நம் ஊர்ப் பெரிய கடை வீதிகளில் விற்பனைப் பெண்களிடம் விசாரித்துப் பாருங்கள். அவர்கள் இன்னமும் தண்ணீர் பாட்டிலைத் தொடாமல்தான் பொழுதை ஓட்டுகிறார்கள். சிறுநீர்ப்பாதைத் தொற்று அவர்களுக்குத் தலைவலி போல வந்து போகிற சங்கதி ஆகிவிட்டது.

இனி நான் அதிகம் சொல்ல நினைத்த விஷயத்துக்கு வருகிறேன். ஆஸ்திரேலிய அரசு 2001ஆம் ஆண்டிலேயே தேசியப் பொதுக் கழிப்பறை வரைபடம் ஒன்றைத் தொடங்கியது. நாடு முழுவதும் 20,000க்கும் மேற்பட்ட கழிப்பறைகள் அதில் இருக்கின்றன. எந்த நேரத்தில் திறந்திருக்கும், சக்கர நாற்காலி உள்ளே போகுமா, குழந்தைக்கு உடை மாற்ற இடம் உண்டா, குளிக்க வசதி உண்டா, இன்சுலின் போட்டுக்கொள்பவர் ஊசியைப் போடப் பெட்டி உண்டா என்பது வரை ஒவ்வொன்றுக்கும் விவரம் இருக்கிறது. போகும் வழியைக் குறித்தால் வழியில் வரும் கழிப்பறைகளைக் காட்டும். என் கவனத்தை மிகவும் ஈர்த்தது, இதை நடத்துவது நகராட்சித் துறையோ சுற்றுலாத் துறையோ இல்லை என்பது. சிறுநீரையும் மலத்தையும் அடக்க முடியாமல் அவதிப்படுகிறவர்களுக்கான சுகாதாரத் திட்டத்தின் ஒரு பகுதியாக, சுகாதாரத் துறையிலிருந்து பிறந்தது அது. வெளியே போக அஞ்சி வீட்டுக்குள் முடங்கும் ஒரு நோயாளியை மனதில் வைத்துச் செய்திருக்கிறார்கள். அவருக்கு உதவுவது மற்ற அனைவருக்கும் தானாகவே உதவிவிடுகிறது.

நம் நாட்டில் முயற்சியே இல்லை என்று சொல்ல முடியாது. 2016 இறுதியில் தில்லி வட்டாரத்திலும் மத்தியப் பிரதேச நகரங்களிலும் கூகுள் வரைபடத்தில் பொதுக் கழிப்பறைகளைக் காட்டத் தொடங்கி, பிறகு நாடு முழுவதற்கும் விரித்தார்கள். புள்ளி இருக்கிறது. புள்ளியை நம்பிப் போனால் பூட்டு தொங்குகிறது. திறந்திருக்கும் நேரத்துக்கு யாரும் பொறுப்பேற்காத வரைபடத்தால் அவசரத்தில் இருப்பவருக்கு நன்மையைவிடத் தீமைதான் அதிகம். அந்தப் பத்து நிமிட நடையை அவர் வேறு பக்கம் நடந்திருக்கலாம். ஒவ்வொரு உள்ளாட்சியும் தன் கழிப்பறைகளின் பட்டியலை நேரம், கட்டணம், பெண்கள் பகுதியில் உள்ள அறைகளின் எண்ணிக்கையோடு வெளியிட வேண்டும், மூடினால் அன்றே அதில் குறிக்க வேண்டும் என்று சட்டம் சொல்ல வேண்டும். இதற்குப் பெரிய தொழில்நுட்பம் எதுவும் தேவையில்லை, ஒருவரைப் பொறுப்பாக்கினால் போதும்.

புதிதாகக் கட்ட இடம் இல்லை என்பார்கள். கட்டியவையே திறக்கப்படாமல் இருக்கின்றன. பெட்ரோல் பங்க் கழிப்பறைகளைப் பொதுமக்களுக்கும் கட்டாயமாகத் திறக்கச் சொல்வதை எதிர்த்துக் கேரளத்தில் பங்க் உரிமையாளர்கள் வழக்குப் போட்டார்கள். 2025 ஜூனில் உயர் நீதிமன்றம் அவர்களுக்குச் சாதகமாக இடைக்கால உத்தரவு தந்தது. பிறகு தேசிய நெடுஞ்சாலையோர பங்குகள் மட்டும் பொதுமக்களுக்குத் திறந்துவிட வேண்டும் என்று அதை மாற்றியது. உரிமையாளர் தரப்பிலும் நியாயம் இருக்கிறது. சுற்றுலா வேன்கள் வரிசையாக வந்து நின்றால் கழுவுகிற செலவு யாருடையது? ஜெர்மனியில் ஆலன் என்ற ஊரில் தொடங்கிய ஒரு ஏற்பாடு இதற்கு வழிகாட்டுகிறது. உணவகங்களும் கடைகளும் வாசலில் ஒரு ஒட்டுவில்லையை ஒட்டி, எதுவும் வாங்காதவரையும் தங்கள் கழிப்பறைக்குள் விடுகின்றன. அதற்காக நகராட்சி மாதாமாதம் ஒரு தொகை தருகிறது. புதுக் கட்டடம் கட்டும் பணத்தில் ஒரு பகுதியை நம் பேரூராட்சி, கடைவீதியில் நல்ல கழிப்பறை வைத்திருக்கும் ஓட்டலுக்குக் கொடுத்துப் பார்க்கலாம்.

சுத்தம் செய்கிறவர்களை விட்டுவிட்டு இந்தப் பேச்சு முழுமையாகாது. கழிப்பறை நாறினால் நமக்குக் கோபம் வருகிறது. கையுறை இல்லாமல், ஒப்பந்தக் கூலிக்கு அதைக் கழுவும் அம்மாவின் சாதி எது என்று கேட்காமலே நமக்குத் தெரிந்துவிடுவதில் கோபம் வருவதில்லை. கையால் மலம் அள்ளுவதை 2013 சட்டம் தடை செய்தது. கழிவுநீர்த் தொட்டியில் இறங்கி உயிர்விட்டவரின் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023இல் சொன்னது. சாவு நின்றபாடில்லை. பொதுக் கழிப்பறை வேண்டும் என்று கோருகிற எவரும், அங்கே நிரந்தரப் பணியும் இயந்திரமும் வேண்டும் என்பதையும் அதே மனுவில் எழுத வேண்டும்.

2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் நாட்டின் எல்லா நீதிமன்ற வளாகங்களிலும் ஆண்கள், பெண்கள், மாற்றுத்திறனாளிகள், திருநர்கள் அனைவருக்கும் தனித்தனிக் கழிப்பறை அமைக்க உத்தரவிட்டது. சுகாதாரமான கழிப்பறை வசதி, அரசியல் சாசனத்தின் 21ஆவது பிரிவு தரும் வாழும் உரிமையில் அடங்கும் என்று அதில் தெளிவாகச் சொன்னது. நீதிமன்ற வளாகத்தில் உரிமையாக இருப்பது பேருந்து நிலையத்தில் எப்படிச் சலுகையாகும்?

நான் எங்கள் நகராட்சிக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் மனு எழுதி வைத்திருக்கிறேன். நகராட்சி எல்லைக்குள் உள்ள பொதுக் கழிப்பறைகள் எங்கெங்கே இருக்கின்றன, ஒவ்வொன்றும் எத்தனை மணிக்குத் திறந்து எத்தனை மணிக்கு மூடப்படுகிறது, பெண்கள் பகுதியில் எத்தனை அறைகள், சென்ற ஆண்டின் குத்தகைத் தொகை என்ன, அனுமதிக்கப்பட்ட கட்டணம் என்ன, பணியாளர்களுக்கு எவ்வளவு கூலி, எந்த வகையில் கொடுக்கப்படுகிறது என்று கேட்டிருக்கிறேன். 10 ரூபாய் கட்டணம், 30 நாட்களுக்குள் பதில் தந்தாக வேண்டும். உங்கள் ஊருக்கும் அனுப்ப விரும்புகிறவர்கள் பின்னூட்டத்தில் சொல்லுங்கள், மனுவின் நகலை உள்பெட்டியில் அனுப்புகிறேன். ஊர்ப் பெயரை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள்.