இண்டக்‌ஷன் வாங்குமுன் ஒரு காந்தம் எடுங்க

காரைக்குடிப் பக்கத்து அடுப்படிக்குக் கேஸா, இண்டக்‌ஷனா என்று கேட்டால் என் பதில் இதுதான்: தண்ணீர்ச் சமையலுக்கு இண்டக்‌ஷன் வாங்கிக்கங்க, எண்ணெய்ச் சமையலுக்குக் கேஸை விட்டுடாதீங்க.

முதலில் பாத்திரங்களின் அடியில் காந்தத்தை வச்சுப் பாருங்க. பித்தளை, இண்டாலியம், மண்சட்டி, ஈயச்சொம்பு எதிலும் ஒட்டாது; ஒட்டாதது சூடாகாது. எவர்சில்வரிலேயே பாதி ஒட்டாது. (ரசம் வைக்கும் ஈயச்சொம்பு வெள்ளீயத்தில் செய்தது, 232 டிகிரியில் உருகிடும். கேஸிலும் புளித்தண்ணீரை ஊற்றிய பிறகே பற்றவைக்கணும்.) வார்ப்பிரும்புப் பணியாரக்கல்லில் ஒட்டும்தான். ஆனால் அதன் அடி புடைப்பும் பள்ளமுமாக இருப்பதால் நடுக்குழி கருகும், ஓரக்குழி வேகாது.

வெள்ளைப் பணியாரத்தில்தான் குட்டு வெளிப்படும். ஆழாக்குப் பச்சரிசி, அதே ஆழாக்கில் அரிசி மேல் கோபுரமாக உளுந்து, ஊறவைத்து நைசாக அரைத்த மாவு. கரண்டி மாவு விழுந்ததும் எழும்பி உப்பணும், நிறமும் மாறக்கூடாது. அதற்கு எண்ணெய்ச் சூடு ஒரே நிலையில் நிற்கணும். விலை குறைந்த இண்டக்‌ஷனில் சூட்டைக் குறைத்தால் தணிந்து எரியாது. சில நொடி வேகமாக ஓடும், சில நொடி அணைந்து கிடக்கும். அணைந்த நேரத்தில் ஊற்றியது எண்ணெய் குடிக்கும், அடுத்தது சிவந்துபோகும். இண்டக்‌ஷனுக்குத் தட்டை அடிச் சட்டிதான் வேணும் என்பதால் எண்ணெயும் கூடுதலாக ஊற்றணும். கல்பாசி, மராட்டி மொக்கு வறுத்தாலும் இதே கதை. அடுப்புக்குள் இருக்கும் கம்பிச்சுருள் வளையத்துக்கு மேலே இருப்பது கருகும், ஓரம் பச்சையாக நிற்கும்.

கவுனி அரிசி வேகவைக்க, இடியாப்பம் அவிக்க, பால் காய்ச்ச இண்டக்‌ஷனை அடிச்சுக்க முடியாது. வளவில் (வீட்டு நடுமுற்றத்தில்) அடிக்கும் காற்றில் தீ அலையுமே என்ற கவலையும் இல்லை.

செலவுக்கு வருவோம். 14.2 கிலோ சிலிண்டரில் இருக்கும் வெப்பம் கரண்ட் கணக்கில் சுமார் 180 யூனிட். கேஸ் அடுப்பில் அதில் மூன்றில் ஒரு பங்கு காற்றோடு போகும். இண்டக்‌ஷனில் வீணாவது 15 சதவீதம்தான். அப்படிப் பார்த்தால் ஒரு சிலிண்டர் வேலைக்கு ஏறக்குறைய 140 யூனிட். சிலிண்டர் விலையை 140-ஆல் வகுங்க. உங்க கரண்ட் பில்லில் கடைசி யூனிட்டுக்குக் கொடுக்கும் விலை அதைவிடக் குறைவு என்றால் இண்டக்‌ஷன் லாபம். ஏசி ஓடும் கோடையில் அந்தக் கடைசி யூனிட் விலை ஏறலாம், இன்னொரு தடவை கணக்குப் போடுங்க.

2000 வாட் என்றால் சுமார் 9 ஆம்பியர். பழைய வீட்டு 6 ஆம்பியர் பிளக்கில் செருகினால் சாக்கெட் உருகும். 2.5 சதுர மி.மீ. வயரில், எர்த்தோடு, 16 ஆம்பியர் பாயிண்ட் தனியாக இழுங்க. வீட்டு இன்வெர்ட்டர் இதைத் தாங்காது. சுவரிலிருந்து அரைச் சாண் தள்ளி வைங்க. சமைத்ததும் பிளக்கைப் பிடுங்காமல், உள்ளே ஓடும் விசிறி தானாக நிற்கும்வரை விட்டுடுங்க.