காலை இரண்டு மணி நேரத்தைக் காப்பாற்றுங்கள், மூத்த பெண்ணை ஆசிரியை ஆக்காதீர்கள்

மலேசியாவில் ஆறேழு பிள்ளைகள் உள்ள கத்தோலிக்கக் குடும்பம் பிள்ளைகளை வீட்டில் வைத்துப் படிக்க வைக்கிறது என்றால் எல்லாரும் முதலில் கேட்பது, "என்ன பாடத்திட்டம்?" எங்கள் கருத்தில் அது நாலாவது, ஐந்தாவதாக வர வேண்டிய கேள்வி. காலை எட்டரையிலிருந்து பத்தரை வரை அம்மா எந்தப் பிள்ளையோடு உட்கார்ந்திருக்கிறார் என்பதுதான் முதல் கேள்வி. அந்த இரண்டு மணி நேரம் சிதறினால் எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய புத்தகமும் அலமாரியில்தான் கிடக்கும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். தானாக வாசிக்கத் தெரியாத பிள்ளைகள் மூன்று பேர். ஆளுக்கு 20 நிமிடம் வாசிப்பு, 15 நிமிடம் கணக்கு. இதற்கே ஒன்றே முக்கால் மணி நேரம் போய்விடும். மிச்சம் 15 நிமிடம், பெரிய பிள்ளைகள் நேற்று எழுதியதைத் திருத்த. கைப்பேசிக்கோ அடுப்புக்கோ அதில் இடமே கிடையாது.

சின்னதிலிருந்து தொடங்குங்கள். பரீட்சை பயத்தில் பலர் பெரியவனிடம் முதலில் உட்காருகிறார்கள். இரண்டு வயதுக் குழந்தை கவனிப்பார் இல்லாமல் நோட்டைக் கிழிக்கும், அழும். பத்து மணிக்கு ஆறு வயதுப் பிள்ளையின் முறை வரும்போது அதற்கும் களைப்பு, அம்மாவுக்கும் களைப்பு. பதின்மூன்று வயதுப் பையன் ஒரு பக்கத்தை வாசித்துவிட்டுக் காத்திருப்பான், ஆறு வயதால் அது முடியாது. எட்டேகாலுக்கே குழந்தையை மடியில் வைத்துப் படம் காட்டிப் பேசி 15 நிமிடம் கொடுத்துவிட்டால், பிறகு அது தரையில் டப்பாக்களோடு நெடுநேரம் விளையாடும்.

வாசிப்பைத் தமிழில் தொடங்குங்கள். 247 எழுத்தையும் அட்டையில் ஒட்டி க, கா, கி, கீ என்று ராகம் போட வைக்கும் இடத்தில்தான் நிறைய பேர் சறுக்குகிறார்கள். பிள்ளை முழு வரிசையையும் ஒப்பிக்கும், 'கெ'யைத் தனியாக எழுதிக் காட்டினால் முழிக்கும். உயிர் 12, மெய் 18, அகர வரிசை ஆகியவை தெரிந்ததும் துணைக்காலை மட்டும் எடுங்கள். கா, மா, பா என்று பதினெட்டுக்கும் கால் போடப் பழகிய அன்றே பால், கால், பாடம், மரம், மாமா என்று வாசிக்க வையுங்கள். அடுத்த வாரம் இகரம். கொம்பு எழுத்துக்குமுன் வரும், ஒலியோ பின்னால் வரும். அதனால் கெ, கே, கை கொஞ்சம் தள்ளியே இருக்கட்டும். இரண்டு பக்கமும் குறி வரும் கொ, கோ, கௌ கடைசி. ல, ள, ழ, ர, ற, ண, ன குழப்பத்துக்கு ஒரு நாளைக்குப் பத்துச் சொல் சொல்வதெழுதுதல் போதும், ஆனால் ஒரு நாளும் விடக்கூடாது.

மலாய் கூடவே வரலாம், அசை அசையாகச் சொன்னால் சீக்கிரம் பிடித்துக்கொள்ளும். 'e' எழுத்துக்கு மட்டும் இரண்டு ஒலி இருப்பதால் காதால் கேட்டே பழக வேண்டும். ஆங்கில வாசிப்பை ஓர் ஆண்டு தள்ளி வையுங்கள். ஒரே எழுத்தில் இரண்டு மொழியையும் ஒன்றாகத் தொடங்கினால் மலாய்ச் சொல்லுக்கு ஆங்கில ஒலி ஏறிவிடும், பிறகு அதை இறக்குவது பெரும்பாடு.

ஞானோபதேசம் (மறைக்கல்வி), அறிவியல், வரலாறு மூன்றையும் வயது பிரிக்காமல் எல்லாருக்கும் ஒன்றாக நடத்தலாம். சின்னவன் படம் வரையட்டும், நடுவில் உள்ளவள் மூன்று வரி எழுதட்டும், பெரியவன் ஒரு பக்கம் எழுதட்டும்.

இப்போது மனதில் உள்ளதைச் சொல்கிறோம். பெரிய குடும்பங்களில் அம்மாவுக்கு நேரம் போதாதபோது "அக்கா சொல்லிக் கொடுப்பா" என்று மூத்த பெண்ணிடம் நோட்டுகள் போகின்றன. அப்புறம் குழந்தையும் அவள் இடுப்புக்குப் போகிறது. இது தவறு. அவள் வீட்டு வேலையில் பங்கெடுக்கட்டும், அவளுடைய தம்பி அதே அளவு பானை தேய்க்கட்டும். ஆனால் ஒன்பதிலிருந்து பதினொன்று வரை அவள் படிப்பு நேரத்தில் யாரும் அவளைக் கூப்பிடக் கூடாது. பதினான்கு வயதில் கணக்கும் செஜாராவும் (மலாயில் படிக்கும் வரலாற்றுப் பாடம்) இடைவிடாத இரண்டு மணி நேரம் கேட்கும் பாடங்கள். இருபது நிமிடத்துக்கு ஒரு முறை எழுந்து ஓடும் பிள்ளைக்கு ஒன்றும் மண்டையில் தங்காது. குடும்பம் பெரிது என்பதால் ஒரு பிள்ளையின் படிப்பு சுருங்குகிறது என்றால், இத்தனை பிள்ளைகளா என்று நம்மைக் குறை சொல்கிறவர்கள் சொல்வது சரியென்றுதான் ஆகும்.

ஆகவே அந்தக் காலை நேரத்துக்கு வழிவிட வேண்டியது சமையலறை. ரைஸ் குக்கர் கப் ஒன்று சுமார் 150 கிராம் அரிசி. எட்டு பேருக்கு மதியம் 5 கப், இரவு 3 கப், ஆக நாளுக்கு 1.2 கிலோ. பத்துக் கிலோ மூட்டை எட்டு நாள் வரும். உள்ளூர் அரிசிக்குக் கட்டுப்பாட்டு விலை 10 கிலோ 26 ரிங்கிட், மாதத்துக்கு நாலு மூட்டை என்று ஒதுக்கிவிடுங்கள். காய்கறியை முந்தின இரவே நறுக்கி வையுங்கள். மாவு 4 கப் அரிசிக்கு 1 கப் உளுந்து. நம்ம ஊர் வெக்கையில் 7, 8 மணி நேரத்தில் புளித்துவிடும். பாத்திரத்தில் பாதிக்கு மேல் ஊற்றினால் பொங்கி வழியும், மாலை ஐந்துக்கே அரைத்தால் விடியும்போது புளிப்பேறிவிடும். இரவு ஒன்பதரைக்கு அரைத்தால் காலையில் இட்லி, குளிர்பெட்டியில் வைத்தது மறுநாள் தோசை.

துணி தினமும் ஒரு இயந்திரம், எட்டு மணிக்குள் கொடியில். செம்பனைத் தோட்டம் சூழ்ந்த டவுன்களில் அக்டோபருக்குப் பிறகு மதியம் மூன்று மணி மழையை நம்பித் துணியை விட முடியாது. அண்ணன் சட்டை தம்பிக்கு வரும் வீட்டில், காலர் உள்பக்கம் மையால் முதல் பிள்ளைக்கு ஒரு புள்ளி, அடுத்தவனுக்கு வரும்போது இன்னொரு புள்ளி. மடிக்கும்போது யாருடையது என்ற சண்டை நின்றுவிடும்.

செபமாலையை, அதாவது பத்துப் பத்தாக ஐந்து முறை சொல்லும் மாதா செபத்தை, இரவுச் சாப்பாட்டுக்குமுன் வையுங்கள். சாப்பிட்ட பின் என்றால் சின்னவர்கள் இரண்டாம் பத்திலேயே தூங்கிவிடுவார்கள், பெரியவர்கள் அவசரமாக முடிப்பார்கள். ஐந்து பத்தும் 20 நிமிடம். பத்துக்கு ஒரு பிள்ளை முன்சொல்லட்டும், ஆறாவது பிள்ளைக்கு மாதா மன்றாட்டுமாலை. புதிதாக வாசிக்கக் கற்ற பிள்ளை ஒவ்வொரு பத்துக்கும் முன் வரும் மறையுண்மையை வாசிக்கட்டும். மூன்று வயதுக்கு முதல் பத்து முடியும்வரை உட்கார்ந்தால் போதும், அதற்குமேல் அடித்து உட்கார வைத்தால் செபத்தின் மேலேயே வெறுப்பு வரும். "வீட்டிலேயே படித்தால் மற்றவர்களோடு பழகத் தெரியாமல் போய்விடும்" என்கிறவர்களுக்கு: அன்பியக் கூட்டம் (அக்கம்பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்களின் செபக் கூட்டம்), பாடகர் குழு, பீடச் சிறுவர் பணி, மாலையில் திடலில் பந்து. பழக்கம் இங்கெல்லாம் வரும்.

சட்டத்தை மறைத்துவிட்டு இதையெல்லாம் பேசுவது நியாயமில்லை. 1996 கல்விச் சட்டத்தின் 29ஏ பிரிவின்படி 2003 முதல் ஆறு ஆண்டு ஆரம்பக் கல்வி கட்டாயம். மீறும் பெற்றோருக்கு 5,000 ரிங்கிட் வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். விலக்கு அளிக்கும் அதிகாரம் கல்வி அமைச்சரிடம் இருக்கிறது, எழுத்து மூலமாக விண்ணப்பிக்க வேண்டும். இடைநிலைக் கல்வியையும் கட்டாயமாக்கும் திருத்தத்தை மக்களவை 2025இல் ஏற்றது. எனவே தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு முடித்துப் படிவம் 1 முதல் வீட்டில் என்று திட்டமிடுவோரும் மாவட்டக் கல்வி இலாகாவில் கேட்டுவிட்டே முடிவெடுங்கள். பெற்றோரே பிள்ளைகளின் முதன்மையான கல்வியாளர்கள் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 அக்டோபர் 28 அன்று வெளியிட்ட கிறித்தவக் கல்வி அறிக்கை சொல்கிறது. திருச்சபைச் சட்டம் 793 அதைப் பெற்றோரின் கடமை, உரிமை இரண்டுமாக வைக்கிறது. இவற்றை நாங்கள் முழு மனதோடு நம்புகிறோம். ஆனால் இலாகா மேசையில் இவை விலக்குக் கடிதத்துக்கு ஈடாகாது.

பாடத்திட்டத்துக்கு வருவோம். அமெரிக்காவிலிருந்து வரும் கத்தோலிக்கப் பாடப்பெட்டிகளில் ஞானோபதேசமும் இலக்கணமும் நன்றாகவே இருக்கும். ஆனால் வரலாறு அவர்களுடையது, கணக்கில் அங்குலமும் பவுண்டும், மலாய் கிடையவே கிடையாது. இடைநிலைப் பள்ளி முடிவில் எழுதும் எஸ்.பி.எம். தேர்வின் சான்றிதழ் கையில் வர மலாயிலும் வரலாற்றிலும் தேர்ச்சி கட்டாயம், தனியார் பரீட்சார்த்திக்கும் அதேதான். பதினாறு வயதில் மலாயில் ஒரு கட்டுரை எழுத வராமல் பிள்ளைகள் தடுமாறுவது இங்கேதான். பதின்மூன்றிலிருந்தே செஜாரா பாடநூலை மலாயிலேயே வாசித்து, வாரம் ஒரு கட்டுரை எழுதி, வெளியாள் ஒருவரிடம் திருத்தக் கொடுங்கள்.

அந்த வாரக் கட்டுரையையும் பெரியவர்களின் கணக்கையும் அப்பா எடுத்துக்கொள்ள வேண்டும். தோட்டத்திலோ ஆலையிலோ காலை வேலை முடிந்து இரண்டு, இரண்டரைக்கு வீடு வருகிறவர் குளித்துச் சாப்பிட்டு, நாலு மணிக்கு ஒரு மணி நேரம் மேசையில் உட்காரலாம். ஷிப்ட் மாறும் வாரத்தில் அதை ஞாயிறு பூசைக்குப் பிறகு வையுங்கள். வாரத்துக்கு நாலு மணி நேரம் அப்பா கொடுத்தாலே அம்மாவின் காலை நேரம் அம்மாவிடமே இருக்கும், மூத்த பெண்ணின் காலை நேரமும் அவளிடமே இருக்கும்.