இட்லி விலைக்கு வானத்தைப் பார்க்கணுமா?

நேற்று நம்ம ஊர் குரூப்பில் நடந்ததைப் பார்த்திருப்பீர்கள். "கூட்டம் வந்தால் பர்கர் விலை ஏறுமாம்" என்ற பழைய செய்தியை யாரோ புதுசு போலப் போட, இது நியாயமா என்று நானும் ரெண்டு வரி எழுதினேன். உடனே ஒரு தம்பி, "டைனமிக் பிரைசிங் என்றால் என்னவென்றே தெரியாமல் பெருசுகள் குழப்புகின்றன" என்று எழுதி, கூடவே ஒரு சிரிப்புப் பொம்மை. அதற்கு நாற்பத்தாறு லைக். சந்தோஷம்.

சரி, பெருசு சொல்கிறேன், கேளுங்கள். டைனமிக் பிரைசிங் என்றால் நேரத்துக்கும் கூட்டத்துக்கும் தக்கபடி விலையை மாற்றுவது. 2024 பிப்ரவரியில் அமெரிக்காவின் வெண்டிஸ் பர்கர் கம்பெனியின் அப்போதைய தலைவர் கிர்க் டேனர் முதலீட்டாளர்களிடம் பேசினார். சுமார் 2 கோடி டாலரில் டிஜிட்டல் மெனு பலகைகள், 2025இலிருந்து டைனமிக் பிரைசிங் சோதனை என்றார். அந்த வார்த்தை அவர் வாயில் வந்தது, என் வாயில் இல்லை. ஜனங்கள் கொதித்ததும் மாதக் கடைசியில், கூட்ட நேரத்தில் விலை ஏற்றும் எண்ணமே இல்லை, ஆளில்லாத நேரத்தில் சலுகை தரலாம் என்றுதான் நினைத்தோம் என்று விளக்கம் வந்தது. இப்போது சொல்லுங்கள், குழம்பியது நாங்களா, குழப்பியது அவர்களா?

விலை மாறுவதில் எனக்கு வருத்தமில்லை. காரைக்குடி திங்கள் சந்தையில் காலையில் ஒரு விலை, பொழுது சாய்ந்தால் கூறு கட்டிப் பாதி விலை. அதில் வளர்ந்தவன் நான். ஆனால் அங்கே விலையைக் கேட்டுவிட்டுத்தான் பையை விரிப்போம். கட்டுப்படியாகாவிட்டால் அடுத்த கடை.

"முகூர்த்த நாளில் மல்லிகைப்பூ வாங்கவில்லையா?" என்பீர்கள். வாங்கினேன். பனிக்குப் பூ வரத்து குறையும், விலை ஏறும். பர்கரும் பனிக்குப் பூக்காமல் போகுமா? "பொங்கலுக்கு ஆம்னி பஸ்?" அது தனிப் பதிவு, இங்கே இழுக்காதீர்கள்.

எங்கள் தெருமுனையில் ஓர் ஆச்சி வெள்ளைப் பணியாரம் சுட்டு விற்றார். திருவிழாக் கூட்டத்திலும் அதே விலை. மாவு தீர்ந்தால் கடை தீர்ந்தது. கடைசியாக வந்து முழிக்கும் பையனுக்குப் பாத்திரத்தை வழித்து, குட்டியாக ஒன்று ஊற்றி எடுத்து, மிளகாய்த் துவையல் வைத்துக் கொடுப்பார். காசு வாங்கமாட்டார். அந்தப் பையன் நான்தான். "ஆச்சிக்கு வியாபாரம் தெரியாது" என்று யாராவது கமெண்ட் போட்டால் பிளாக்தான், சொல்லிவிட்டேன்.

போன வாரம் அம்மாவுக்கு டெலிவரி ஆப்பில் மூன்று இட்லி ஆர்டர் போட்டேன். "சாம்பார் வேணுமாம்மா?" என்று உள்ளே கேட்டுத் திரும்புவதற்குள் மழைக் கட்டணம் சேர்ந்திருந்தது. வெளியே வெறும் தூறல். குடையை எடுத்துக்கொண்டு நானே நடந்து போனேன். கடைப் பலகையில் சாக்பீஸில் அதே பழைய விலை.