ஐந்து வருஷம் உள்ளே

மேலாளர்: 2019இலிருந்து 2024 வரை உங்கள் பயோடேட்டாவில் ஒன்றுமே இல்லையே தம்பி. எங்கே இருந்தீர்கள்?

வந்தவர்: (மேசையைப் பார்த்தபடி) உள்ளே இருந்தேன் சார்.

மேலாளர்: உள்ளே என்றால்... உள்ளேயா?

வந்தவர்: கண்டுபிடித்துவிட்டீர்களா? அதைப் போட்டாலே யாரும் வேலை தருவதில்லை. அதனால்தான் எடுத்துவிட்டேன்.

மேலாளர்: (எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வருகிறார்) பயப்படாதீர்கள். நான் அப்படிப்பட்ட ஆள் இல்லை. எப்படி மாட்டினீர்கள்?

வந்தவர்: யாரும் பிடித்துக்கொண்டு போகவில்லை சார். நானே போய் எழுதிக் கொடுத்தேன்.

மேலாளர்: சரணடைந்துவிட்டீர்கள்! பண விஷயமா?

வந்தவர்: மாதாமாதம் கொஞ்சம் வரும் என்றார்கள். அதில் ஓர் ஆசை.

மேலாளர்: நினைத்தேன். தனியாகவா, கூட யாராவது உண்டா?

வந்தவர்: எனக்கு மேலே ஒருத்தர் இருந்தார். அவர் சொன்னபடிதான் எல்லாம் செய்தேன். செய்தது நான், பெயர் மட்டும் இரண்டு பேருக்கும்.

மேலாளர்: அவர் வெளியே வந்துவிட்டாரா?

வந்தவர்: அவரா? அவருக்கு ஆயுள் முழுக்க அங்கேதான். வெளியே விட்டாலும் வரமாட்டார்.

மேலாளர்: அவருக்கு ஆயுள், உங்களுக்கு ஐந்து...

வந்தவர்: நாலு வருஷத்தில் விட்டிருக்க வேண்டியது. அவர் கையெழுத்துப் போடாமல் ஒரு வருஷம் இழுத்துவிட்டார். கடைசியில் மூன்று பேர் எதிரே உட்கார்ந்து இரண்டு மணி நேரம் குடைந்தார்கள். 240 பக்கம் எழுதிக் கொடுத்திருந்தேன். அதில் இருப்பதையே திரும்பத் திரும்பக் கேட்டார்கள்.

மேலாளர்: 240 பக்க வாக்குமூலமா! அடித்தார்களா?

வந்தவர்: அடிக்குறிப்பில்தான் சார் நிறைய அடித்தார்கள்.

(‘அடி’ மட்டும்தான் மேலாளர் காதில் விழுந்தது. கண் கலங்குகிறார்.)

மேலாளர்: தம்பி, தப்பே செய்யாத மனுஷன் யார்? திருந்தி வந்தவனுக்கு நாமே கதவைச் சாத்தினால் அவன் எங்கே போவான்? குடோன் கணக்கு இனி உங்களுடையது. மூன்று மாதமாக ஸ்டாக் டேலி ஆகவில்லை. நாளைக்கே வந்துவிடுங்கள். ஒன்று மட்டும் சொல்லுங்கள், என்ன செக்‌ஷன்?

வந்தவர்: செக்‌ஷன் இல்லை சார், டிபார்ட்மென்ட். புள்ளியியல்.

மேலாளர்: எந்த ஜெயிலில் புள்ளியியல் இருக்கிறது?

வந்தவர்: ஜெயிலா? பல்கலைக்கழகம் சார். பி.எச்டி.

(மேலாளர் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளுகிறார். பேனா மூடியைத் திருக ஆரம்பிக்கிறார். வேலை இல்லை என்று சொல்லப்போகிற எல்லோரும் ஏனோ இதைத்தான் செய்கிறார்கள்.)

மேலாளர்: பி.எச்டியா! பார்த்தால் நல்ல பையன் மாதிரி இருந்துகொண்டு...

வந்தவர்: நாளைக்கு எத்தனை மணிக்கு வரட்டும் சார்?

மேலாளர்: படிப்பு அதிகம் தம்பி. இந்த வேலை உங்களுக்குச் சலித்துவிடும்.

வந்தவர்: எட்டு மாதமாக மல்லாந்து படுத்து மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். என்னிடம் வந்து சலிப்பைப் பற்றிச் சொல்கிறீர்களே.

மேலாளர்: வேறு நல்ல வேலை கிடைத்தால் மூன்றே மாதத்தில் ஓடிவிடுவீர்கள்.

வந்தவர்: எனக்கு முன்னால் இருந்தவர் எத்தனை நாள் இருந்தார்?

மேலாளர்: பதினொரு நாள்.

வந்தவர்: என்ன படித்திருந்தார்?

மேலாளர்: பத்தாவது. அவருக்கு முன்னால் இருந்தவர் பன்னிரண்டாவது, ஒரு மாதம் இருந்தார். உடனே, படிப்பு கூடினால் நாளும் கூடுகிறது என்பீர்கள்.

வந்தவர்: சொல்ல மாட்டேன் சார். இரண்டு பேரை வைத்து அப்படி முடிவு கட்டக்கூடாது. சாம்பிள் போதாது.

மேலாளர்: பார்த்தீர்களா, இதுதான் பயம்! சம்பளம் வேறு அதிகம் கேட்பீர்கள்.

வந்தவர்: நீங்கள் சொன்னதற்கே சரி என்றேனே?

மேலாளர்: அதுதான் சந்தேகமாக இருக்கிறது. தவிர, நான் வெறும் பி.காம். உங்களைப் போய் எப்படி ‘ஏம்ப்பா, அந்தப் பெட்டியை எண்ணு’ என்பேன்?

வந்தவர்: அப்படிச் சொல்லுங்கள் சார், இப்போதுதான் உண்மை வருகிறது. சலிக்கப்போவது எனக்கில்லை, கூச்சம் உங்களுக்கு. அமெரிக்காவில் நியூ லண்டன் என்று ஓர் ஊர். 1996இல் போலீஸ் வேலைக்கு ஒருத்தர் தேர்வு எழுதி 50க்கு 33 வாங்கினார். 20 முதல் 27 வரை வாங்கியவர்களைத்தான் நேர்காணலுக்குக் கூப்பிடுவோம், அதற்கு மேல் போனவர்கள் சலித்துப்போய் ஓடிவிடுவார்கள், பயிற்சிச் செலவு வீண் என்று சொல்லி அவரைக் கூப்பிடவே இல்லை. கோர்ட்டுக்குப் போனார். மேல்முறையீடு வரை போய் 2000இல் தோற்றார். எல்லோருக்கும் ஒரே அளவுகோல்தானே, அப்புறம் என்ன பாகுபாடு என்று கேட்டுவிட்டார்கள். அங்கேயும் உங்களை மாதிரி ஒருத்தர் பேனா மூடியைத் திருகியிருப்பார்.

மேலாளர்: அதற்குத்தான் சொல்கிறேன், கடைசி வரை வாயைத் திறக்காமல் இருந்திருக்கலாமே?

வந்தவர்: அதற்கும் வழியில்லை சார். நம் நாட்டில் ஒரு வங்கியில் பியூன் வேலைக்குப் பட்டதாரிகள் விண்ணப்பிக்கக்கூடாது என்று போட்டிருந்தார்கள். ஒருத்தர் பட்டத்தை மறைத்துத் தேர்வாகிவிட்டார். அவருக்கு அந்த வேலையில் உரிமை இல்லை என்று 2020இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. சொன்னால் சலிப்பு, மறைத்தால் மோசடி. நான் நிஜமாகவே உள்ளே போய்விட்டு வந்திருந்தால் நாளைக்கு வேலைக்கு வந்திருப்பேன், இல்லையா?

மேலாளர்: (யோசிக்கிறார்) சின்னக் கேஸாக இருந்தால்... வந்திருக்கலாம்.

(வந்தவர் பைலை எடுத்துக்கொண்டு எழுகிறார்.)

மேலாளர்: ஒரு நிமிஷம் தம்பி. இந்த எக்செல்லில் கையிருப்பு மைனஸ் 40 பெட்டி என்று வருகிறது. இல்லாத பெட்டியை எங்கே போய் எண்ணுவது? இவ்வளவு படித்திருக்கிறீர்கள், ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போங்களேன்.

வந்தவர்: (குனிந்து பார்க்கிறார். எங்கே தப்பு என்று சட்டென்று தெரிந்துவிடுகிறது. திரை வரை போன விரல் பாதியில் நிற்கிறது.) வேண்டாம் சார். சலித்துவிடும்.