பாயை விலக்கும் கை

நியூசிலாந்தின் ஆக்லாந்தில் என்னோடு இரவு ஷிஃப்ட் பார்க்கும் சமோவாக்காரர் ஒருவர், பசிபிக் தீவு நாடான சமோவாவில் பிறந்தவர், போன தவக்காலத்தில், ஈஸ்டருக்கு முந்தைய நோன்பு நாட்களில், டீ குடிக்கும் இடைவேளையில் ஒரு சம்பவம் சொன்னார். அன்றிலிருந்து அது என்னை விடவில்லை. நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது படியுங்கள்.

அவருக்கு அப்போது ஒன்பது வயது. சமோவாவின் சவாயி தீவின் வடகரையில் ஒரு கிராமம். சித்தப்பா ஓட்டிவந்த பிக்கப் வண்டி, இருட்டுகிற நேரத்தில் ரோட்டைக் கடந்த ஒரு பையன் மேல் ஏறிவிட்டது. பையன் போய்விட்டான். மறுநாள் விடியுமுன்பே இவர்கள் குடும்பத்து மாத்தாய், அதாவது குடும்பப் பட்டம் தாங்கிய தலைவர், முன்னால் நடக்க, பெரியவர்கள் இருபது பேர் அந்தப் பையன் வீட்டு முன்னால் போய்க் கூழாங்கல் தரையில் உட்கார்ந்தார்கள். கையில் விறகும் கல்லும் இலையும். அடுப்பு மூட்டத் தேவையான சாமான்கள். எங்களைச் சுட்டுத் தின்றாலும் சரி என்று அர்த்தம். மாத்தாய் தலையைக் குனிந்துகொள்ள, அவர் மேல் குடும்பத்திலேயே விலைமதிப்பான பாயைப் போர்த்தினார்கள்.

"பாய்க்கு வெளியே எனக்குத் தெரிந்தது அவருடைய உள்ளங்கால் மட்டும்தான். அதில் எறும்பு ஊர்ந்தது. கிழவர் காலை அசைக்கவே இல்லை" என்றார்.

வெயில் ஏறியது. வீட்டுக்குள்ளிருந்து அழுகைச் சத்தம் மட்டும். யாராவது கத்தியோடு வெளியே வந்திருந்தாலும் இவர்கள் எழுந்து ஓட முடியாது, ஓடவும் கூடாது. பத்து மணி வாக்கில் செத்துப்போன பையனின் தாத்தா மெதுவாக இறங்கி வந்து பாயை விலக்கினார். இரண்டு கிழவர்களும் கட்டிப்பிடித்து அழுதார்களாம். பிறகு பேச்சு, ஜெபம். இவர்கள் கத்தோலிக்கர்கள், அவர்கள் காங்கிரிகேஷனல் என்ற புராட்டஸ்டன்ட் சபை. அவர்களுடைய போதகர்தான் ஜெபம் சொன்னார்.

இந்த வழக்கத்துக்குப் பெயர் இஃபோங்கா. குனிந்து தாழ்வது என்று பொருள். கிறிஸ்தவம் அங்கே கால் வைப்பதற்கு முன்பிருந்தே இருக்கிறது. போர்த்துகிற பாய் நாம் படுத்துத் தூங்கும் பாய் அல்ல. தாழை இலையை நூல் மாதிரிக் கிழித்து, மாதக்கணக்கில், சில நேரம் வருடக்கணக்கில் பெண்கள் முடைவது. துணி போல மடியும். கல்யாணத்திலும் சாவிலும் பட்டமேற்பிலும் கை மாறும். 2019-இல் யுனெஸ்கோ இதை மரபுப் பட்டியலில் சேர்த்தது. பல தலைமுறை உழைப்பையும் மானத்தையும் மேலே போட்டுக்கொண்டுதான் ஒருவர் மன்னிப்புக் கேட்கப் போகிறார்.

என்னை உலுக்கியது கடைசியில் சொன்னதுதான். அந்தச் சித்தப்பாவைக் குடும்பம் வீட்டுக்குள்ளேயே வைத்திருந்தது. சாமியார் மாதம் ஒருமுறைதான் அந்த ஊருக்கு வருவாராம். அவர் வந்ததும் சித்தப்பா பாவசங்கீர்த்தனம் செய்ய, அதாவது குருவிடம் பாவத்தை அறிக்கையிட, போனார். சாமியார் கேட்ட முதல் கேள்வி: "பாய் கொண்டுபோனீர்களா?"

நான் தூத்துக்குடிக்காரன். ஏழு வயதில் புதுநன்மை (முதல் நற்கருணை) வாங்கியதிலிருந்து, சாமியார் உட்கார்ந்து பாவம் கேட்கும் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் முழங்கால் போட்டிருக்கிறேன். "நீ யாருக்குத் தீங்கு செய்தாயோ அவர் வீட்டுக்குப் போனாயா?" என்று ஒருவர்கூட என்னைக் கேட்டதில்லை. மூன்று முறை "அருள்நிறை மரியே" ஜெபம் சொல்லச் சொல்வார்கள். சொல்லிவிட்டு, லேசான மனதோடு கோயில் வாசல் பலகாரக் கடைக்குப் போவோம்.

காணிக்கை செலுத்த வரும்போது உன் சகோதரனுக்கு உன்மேல் மனத்தாங்கல் இருப்பது நினைவுக்கு வந்தால், காணிக்கையைப் பீடத்தின் முன் வைத்துவிட்டு, முதலில் போய் அவரோடு நல்லுறவு ஏற்படுத்திக்கொள் என்று மத்தேயு 5-ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. முதலில் போ. பிறகு வா. நாம் "வா"வை மட்டும் வைத்துக்கொண்டு "போ"வை விட்டுவிட்டோம். சமோவாக்காரர்கள் இரண்டையும் வைத்திருக்கிறார்கள். அந்தச் சின்னத் தீவுத் திருச்சபையிடம் உலகத் திருச்சபை கற்றுக்கொள்ள வேண்டியது இதுதான் என்று உறுதியாக நம்புகிறேன்.

இத்தனைக்கும் அங்கே கத்தோலிக்கம் பிந்தி வந்தது. 1830-லேயே புராட்டஸ்டன்ட் மிஷனரி ஜான் வில்லியம்ஸ் சவாயியில் இறங்கிவிட்டார். நாகர்கோவில் பக்கத்து ஆட்களுக்கு நன்றாகத் தெரிந்த அதே லண்டன் மிஷன். 1845-இல் மாரிஸ்ட் என்ற துறவறக் குழுவின் பிரெஞ்சுக் கத்தோலிக்கக் குருக்கள் வந்தபோது பெரும்பாலான கிராமங்கள் ஏற்கெனவே ஏதாவது ஒரு சபைக்குப் போய்விட்டிருந்தன. எந்தச் சபை எங்கிருந்து வந்ததோ அதை வைத்தே மக்கள் பெயர் சொன்னார்கள். லண்டன் மிஷன் தாகித்தியின் மதம், மெதடிஸ்ட் தோங்காவின் மதம். கத்தோலிக்கம்? "லோத்து போப்பே", போப்பாண்டவரின் மதம். இன்றும் நாட்டில் ஐந்தில் ஒருவர்தான் கத்தோலிக்கர்.

அந்தக் குருக்களோடு கப்பலில் வந்தவர்களில், வாலிஸ் தீவில் மதம் மாறியிருந்த இரண்டு சமோவாக்காரர்களும் உண்டு. மொழியும் முறையும் தெரிந்தவர்கள் அவர்கள்தான். இன்றுவரை ஊரில் சபையைத் தாங்குவது அந்த மாதிரி ஆட்களே. ஃபெசோவசோவானி, அதாவது உதவியாளர் என்று பெயர். சாமியார் இல்லாத நாட்களில் ஜெபம் நடத்தும் நம் ஊர் உபதேசியார் மாதிரி. மனைவி மக்களோடு ஊருக்குள்ளேயே குடியிருப்பார். போதகர் என்றால் குடும்பஸ்தர் என்று பழகிய மக்களிடம், குடும்பம் இல்லாத சாமியாரை ஏற்க வைத்ததில் இவர்கள் பங்கு பெரியது என்பது என் எண்ணம். வரலாற்றில் பிரெஞ்சுப் பெயர்கள்தான் நிற்கின்றன. அது எனக்கு வருத்தம்.

சவாயியின் மேற்கு முனையில் ஃபலேயாலுபோ என்ற ஊரில் பிறந்த பியோ தாவோஃபினுவு 1968-இல் ஆயரானார். பாலினீசியர்களில் முதல் ஆயர். 1973-இல் கர்தினால். அவா என்ற வேர்ப் பானத்தைப் பரிமாறும் சடங்கையும் சமோவா மரபுகளையும் பயமில்லாமல் வழிபாட்டுக்குள் கொண்டுவந்தவர். முன்னோர் செய்ததெல்லாம் பேய் வழிபாடு என்று ஒதுக்காத மனசு அது.

இஃபோங்காவை நான் தலையில் தூக்கிவைத்து ஆடவில்லை. ஒரு பெண்ணுக்கு நடந்த கொடுமையை இரண்டு குடும்பத்து ஆண்கள் பாய் போர்த்தி முடித்துவிட்டால் அவள் குரல் எங்கே போகும் என்று அங்கேயே கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. பாயை விலக்கும் உரிமை பாதிக்கப்பட்டவருடையது. குடும்ப மானத்துக்காக அதை வேறு யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. நீதிமன்றம் இஃபோங்காவைக் கணக்கில் எடுத்தாலும் வழக்கு வழக்குதான். அந்தச் சித்தப்பாவும் கோர்ட்டுக்குப் போனார்.

2021 ஆகஸ்ட் 1 அன்று, ஆக்லாந்து டவுன் ஹாலில், அப்போது நியூசிலாந்துப் பிரதமராக இருந்த ஜசிந்தா ஆர்டன் இதே மாதிரி பாய்க்குள் உட்கார்ந்தார். 1970-களில் விசா முடிந்தவர்கள் என்று சொல்லி விடியற்காலையில் பசிபிக் தீவு மக்களின் வீடுகளுக்குள் போலீஸ் புகுந்ததற்கு அரசின் மன்னிப்பு. என் நண்பர் அதை டிவியில் பார்த்தபோது அவர் அம்மா சத்தம் போட்டு அழுதாராம்.

இப்போது என் விஷயம். பெரியப்பா மகனோடு ஒரு சுவர்த் தகராறில் நான் பேசக்கூடாத ஒன்றைப் பேசினேன், அவர் பிள்ளைகள் முன்னாலேயே. பதினொரு வருடமாகிறது. ஒவ்வொரு தவக்காலத்திலும் தொட்டியில் சொல்கிறேன். ஒவ்வொரு முறையும் மன்னிப்புக் கிடைக்கிறது. அவர் வீட்டு வாசலை மட்டும் மிதிக்கவில்லை.

நண்பரிடம் இதைச் சொன்னேன். "தனியாகப் போகாதே. தப்புச் செய்தவன் தனியாகப் போனால் அது இஃபோங்கா இல்லை. உங்கள் குடும்பத்தில் யார் பாய்க்குள் உட்காருவார்?" என்று கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமை அம்மாவுக்கு போன் போட்டேன். 78 வயசு, முட்டி வலி. எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை. லைன் கட்டாகிவிட்டதோ என்று நினைத்தேன்.

"என்னைக்கு வார? நானும் கூட வாரேன்யா" என்றாள்.